அம்மாவுக்கு ஒரு பட்டன் போன்: நோக்கியா 1100-க்கு ஈடா இன்னிக்கு எது?

#1 வடுவூரான் | ஞாயிறு, இரவு 9.12

வணக்கம். கேள்வி சின்னது, கதை கொஞ்சம் நீளம். பொறுத்துக்கோங்க.

அம்மாவுக்கு 71 வயசு. ஊர்ல தனியா இருக்காங்க, நான் திருப்பூர்ல. போன வருஷம் வரைக்கும் அவங்க கையில இருந்தது நோக்கியா 1100, அப்பா வாங்கினது. பின்மூடி கொக்கி உடைஞ்சு ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருந்தாங்க. ஆனா போன் சாகலை. எங்க தெருவுல வீட்டுக்குள்ள ஒழுங்கா எடுக்கிறது ஜியோ டவர்தான்னு நம்பரை அதுக்கு மாத்தினேன். மாத்தின அன்னிக்கே 1100 ஊமை ஆயிடுச்சு. 1100-க்குத் தெரிஞ்சது 2ஜி மட்டும். அந்த நெட்வொர்க்ல 2ஜி-யே கிடையாது, பேச்சும் 4ஜி வழியாத்தான் போகுது. போன் இப்போ பீரோவுக்குள்ள தூங்குது.

அதுக்குப் பதிலா ரெண்டாயிரத்துக்குக் கொஞ்சம் கீழ ஒரு 4ஜி பட்டன் போன் வாங்கிக் கொடுத்தேன். கம்பெனி பேர் போடலை, போட்டா இழை வேற பக்கம் போயிடும். பெட்டியில எழுதியிருந்ததுல பொய் ஒண்ணும் இல்லை. கலர் திரை, கேமரா, எஃப்எம், ரெண்டு சிம், டார்ச், எல்லாம் இருக்கு. அம்மாதான் அதை எடுக்கவே மாட்டேங்கிறாங்க.

ஏன்னு தெரிஞ்சுக்க தீபாவளி லீவுல நாலு நாள் பக்கத்துல உக்காந்து பார்த்தேன்.

ராத்திரி கொல்லைக்குப் போறப்போ டார்ச் வேணும். 1100-ல நடுப் பட்டனும் ஸ்டாரும் அமுக்கிப் பூட்டை எடுத்துட்டு, சி பட்டனை அமுக்கிப் பிடிச்சா வெளிச்சம், விட்டா அணைஞ்சிடும். ரெண்டு தரம் தட்டினா அப்படியே நிக்கும். போனோட உச்சந்தலையில விளக்கு, அதனால கையை எங்க நீட்டுறோமோ அங்க வெளிச்சம். புதுசுல பூட்டு எடுக்க ஒரு பட்டன், உடனே திரையில ஆங்கிலத்துல ஒரு வரி, அதைப் படிச்சு இன்னொரு பட்டன், அப்புறம் மெனு, மெனுவுக்குள்ள "கருவிகள்", அதுக்குள்ள டார்ச். விளக்கு முதுகுப் பக்கம் கேமரா பக்கத்துல இருக்கு. போனைப் படுக்க வச்சுப் பிடிக்கணும். அம்மா தீப்பெட்டியும் சிம்னியும் எடுத்துட்டுப் போறாங்க.

ரெண்டாவது, ஒரு நாள் மத்தியானம் 112-லேர்ந்து திருப்பிக் கூப்பிட்டு "அம்மா, என்ன உதவி வேணும்?"னு கேட்டிருக்காங்க. அம்மா பயந்து போயிட்டாங்க. இடுப்புச் சுருக்குப்பையில வெத்தலைப் பாக்கோட கிடந்த போன்ல 9 அமுங்கியிருக்கு. 2017-லேர்ந்து பட்டன் போன்ல 5 அல்லது 9-ஐ அமுக்கிப் பிடிச்சா அவசர அழைப்பு போகணும்னு மத்திய அரசு விதி. விதி நல்லதுதான். பட்டன் சுருக்குப்பையில தானா அமுங்கிற மாதிரி துருத்திக்கிட்டு இருக்கிறதுதான் கோளாறு.

மூணாவது சார்ஜர். அதைச் சொன்னா எனக்குக் கோபம் வரும், அப்புறம் சொல்றேன்.

பட்ஜெட் 2,500. கேமரா வேணாம், விளையாட்டு வேணாம். அம்மாவோட கைக்கும் கண்ணுக்கும் ஏத்த போன் இன்னிக்கு இருக்கா? மாடல் பேர் சொல்றதைவிட, கடையில எதைத் தொட்டுப் பாக்கணும்னு சொன்னா இன்னும் நல்லது.

#2 ரேம்_ராஜா | ஞாயிறு, இரவு 9.31

சார், தப்பா நினைக்காதீங்க. 2003-ல வந்த போனை வச்சு இன்னிக்கு எடை போடலாமா? 96க்கு 65 புள்ளி திரை, 50 பேர் சேமிக்கிற இடம், அவ்ளோதான் 1100. இன்னும் நாலாயிரம் போட்டா ஆண்ட்ராய்டே வந்திடும். எழுத்தைப் பெருசாக்கலாம், வாயால பேசியே கூப்பிடலாம், வீடியோல முகம் பாக்கலாம். பழசை நினைச்சு உருகுறது வேற, போன் மதிப்பீடு வேற.

#3 மாட்டுத்தாவணி செல்கடை | ஞாயிறு, இரவு 10.58

கடை அடைச்சிட்டு வந்து எழுதுறேன், எழுத்துப்பிழை மன்னிக்க.

ராஜா தம்பி, 1100 உலகம் பூரா 25 கோடிக்கு மேல வித்த போன். உலகத்துல அதிகம் வித்த போனே அதுதான். சும்மாவா வித்துச்சு? நான் 19 வருசமா போன் பிரிச்சு மேயறேன், பிரிச்சவன் கண்ணுல என்ன பட்டுச்சுன்னு சொல்றேன்.

முன்மூடியக் கழட்டினா பட்டன் எல்லாம் ஒரே ரப்பர் விரிப்பு. பட்டனுக்குப் பட்டன் இடைவெளியே கெடையாது, தூசி இறங்க வழி இல்ல. அரிசி மில்லுல வேல பாக்குறவர் கொண்டாருவாரு, வெளிய தவிடு அப்பிக் கெடக்கும், உள்ள போர்டு பளிச்சுனு இருக்கும். இப்ப வர்ற மலிவு போன்ல பட்டன் தனித்தனி பிளாஸ்டிக்கு, நடுவுல முடி நுழையிற சந்து. அந்தச் சந்து வழியா வேர்வையும் மாவும் இறங்கி, அடியில இருக்க டோம் ஷீட்டுல ஒட்டிக்கிரும். டோம்ங்கிறது ஒரு சின்னத் தகரக் குமிழ். அமுக்கினா டிக்குனு குழிஞ்சு காண்டாக்ட் ஆகும். அதுக்குக் கீழ அழுக்கு போனா 3-ஐ அமுக்கினா 33 விழும். எங்கிட்ட வர்ற பட்டன் போன்ல பாதிக்கு மேல இதே கேசு. தின்னரும் பழைய பல்லு பிரசும் போதும், நூறு ரூவா.

அடுத்தது சார்ஜர். வடுவூர் அண்ணனுக்கு ஏன் கோபம் வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். 1100-க்கு பெரிய பின், உருண்டை. எப்புடிச் சொருகினாலும் போகும், இருட்டுல கூட. மைக்ரோ யுஎஸ்பி-க்கு மேல் கீழ் உண்டு. பெருசுக தலைகீழாச் சொருகி அமுக்குவாக, உள்ள இருக்க நாக்கு ஒடஞ்சிரும். போன் ரெண்டாயிரம்னா பின் மாத்த நூத்தம்பது, அதுவும் வருசத்துக்கு ரெண்டு தரம். டைப்-சி ரெண்டு பக்கமும் போகும். அதனால நான் சொல்றது: வேற எதையும் பாக்காட்டியும் டைப்-சி இருக்கான்னு பாருங்க. இல்லாட்டி காந்தம் வச்ச சார்ஜர் வயர் ஒண்ணு வாங்குங்க. சின்ன முனையப் போன்லயே நிரந்தரமா சொருகி விட்டுட்டா, வயரைக் கிட்ட கொண்டு போனாலே ஒட்டிக்கிரும்.

பேட்டரி. பிஎல்-5சி. அதக் கும்புடணும். 1100-ல 850 எம்ஏஎச், 400 மணி நேரம் சும்மா நிக்கும்னு போட்டிருந்தான். அதே பேட்டரி இன்னிக்கும் சின்ன ரேடியோ, சாமி பாட்டுப் பெட்டி பலதுல இருக்கு. எந்த ஊர்லயும் கெடைக்கும். ஆனா அதுக்கும் ஒரு கரும்புள்ளி உண்டு. 2007 ஆகஸ்டுல, மத்சுஷிதாங்கிற ஜப்பான் கம்பெனி செஞ்ச 4 கோடியே 60 லட்சம் பேட்டரி சார்ஜ் போடுறப்ப சூடாகலாம்னு நோக்கியாவே அறிவிச்சு, ஓசியா மாத்திக் கொடுத்தாக. அந்த வாரம் கடை வாசல்ல கூட்டம். ஆளாளுக்கு மூடியக் கழட்டி நம்பரக் காட்டுறாக. செல்லு வெடிக்குமாம்னு ஒருத்தர் பேட்டரியத் தண்ணி வாளியில போட்டே கொண்டாந்தாரு.

புதுசு வாங்குறப்ப பேட்டரி கழட்டுற மாதிரி இருக்கணும். உப்புனா அம்மாவே கழட்டி எறிஞ்சிரலாம்.

#4 வடுவூரான் | திங்கள், காலை 6.40

அண்ணே, அதேதான். நாக்கு ஒடைஞ்சது. "நான் மெதுவாத்தான்டா சொருகினேன்"னு அம்மா குத்தவாளி மாதிரி நின்னாங்க. அதுதான் எனக்குக் கோபம்.

காந்த வயர் இன்னிக்கே தேடுறேன்.

#5 விரல்வழி | திங்கள், காலை 11.05

நான் பள்ளி ஆசிரியர், பார்வையற்றவன். திரைவாசிப்பான் உதவியோடு எழுதுகிறேன். மலிவு போன்களைப் பற்றி யாராவது கருத்துக் கேட்டால் நான் சும்மா இருப்பதில்லை. அவற்றை முழுக்க விரலால் மட்டுமே எடை போடுகிறவன் நான்.

முதலில் 5. எந்த போனை எடுத்தாலும் அதன் மேல் ஒரு சின்ன மேடு இருக்க வேண்டும். கட்டைவிரல் அங்கே நின்றுவிட்டால் மீதி ஒன்பதும் தானாக வந்துவிடும். சில போன்களில் மேடு இருக்கிறது, ஆனால் அச்சடித்த பொட்டு அளவுக்குத்தான். ஆறு மாதத்தில் தேய்ந்துவிடும். நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வார்ப்பிலேயே எழும்பியதா, மேலே பூசியதா என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, வரிசை. நான்கு வரிசைப் பட்டன்களுக்கும் நடுவே ஒரு வரப்போ பள்ளமோ வேண்டும். இப்போது பல போன்கள் கண்ணாடிப் பலகை மாதிரி தட்டையாக வருகின்றன. பார்க்க அழகாக இருக்கிறது என்று சொல்கிறார்கள், எனக்குத் தெரியாது. எனக்கு அது கோடு கிழிக்காத வயல்.

மூன்றாவதைக் கடையில் யாரும் பார்ப்பதில்லை: மெனு வரிசையாக வருகிறதா, கட்டம் கட்டமாக வருகிறதா? 1100-இல் மெனு ஒன்றன்பின் ஒன்றாக வரும். கீழே எத்தனை தரம் அமுக்கினால் எது என்று எண்ணி வைத்துக்கொள்ளலாம். அதில் பச்சை, சிவப்புப் பட்டன்களே கிடையாது. திரைக்குக் கீழே ஒரே ஒரு பெரிய பட்டன். அழைப்பு வந்தால் அதுவே எடுக்கும், பேசி முடித்தால் அதுவே வைக்கும், சும்மா இருந்தால் மெனு. எழுத்துத் தெரியாதவரும், கண் தெரியாதவரும், கண்ணாடி போட மறந்தவரும் அந்த ஒரு பட்டனை நம்பி இருந்தார்கள். வடிவமைத்தவர் மிக்கி மெஹான்ஜிஸ்கி என்ற பல்கேரிய அமெரிக்கர். வேலை நடந்தது கலிபோர்னியாவில். அங்கே உட்கார்ந்து இங்கே இருட்டில் நடக்கிறவனுக்கு டார்ச் வைத்திருக்கிறார்கள்.

இப்போதைய போன்களில் ஒன்பது படக் கட்டங்கள். இடமா வலமா மேலா கீழா என்று நான்கு திசை. ஒரு தரம் வழுக்கினால் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. நான் முன்பு வைத்திருந்த ஒன்றில் நடுப் பட்டன் இணையத்தைத் திறக்கும். தெரியாமல் பட்டுப் பட்டு மாதம் நூறு ரூபாய் கரைந்தது. எந்த போன் என்பதை விடுங்கள். அந்தப் பட்டனுக்கு வேறு வேலை கொடுக்க அமைப்பில் வழியே வைக்கவில்லை.

இன்றைய போன்களிலும் நல்லது இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணைச் சொல்லும் குரல். அமுக்க அமுக்க ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லும் வசதி சில மலிவு போன்களில் வருகிறது. எனக்கு அது கலர் திரையைவிடப் பெரிது. வாங்கும்போது அந்தக் குரல் தமிழில் இருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாது, நீங்களே அமைப்பில் போய்ப் பார்க்க வேண்டும்.

#6 பெரியகுளத்துப்பேத்தி | திங்கள், மதியம் 1.20

எல்லாரும் பட்டனையே பேசுறீங்க. நான் எதிர்க்கட்சி.

எங்க அம்மாச்சிக்கு 76. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஸ்மார்ட்போன் கொடுத்தப்ப எல்லாரும் சிரிச்சாங்க. இப்ப சிங்கப்பூர்ல இருக்க பேரன் முகத்தைப் பாக்காம சாப்பாடு இறங்காது. எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா வாட்ஸ்அப்ல குரல் பதிஞ்சு அனுப்பத் தெரியும். மைக் படத்தை அமுக்கிப் பிடி, பேசு, விடு. 1100-ல டார்ச் எரிய வைக்கிற அதே "அமுக்கிப் பிடி"தான்! வயசானவங்களுக்குக் கத்துக்க முடியாதுன்னு நாமதான் முடிவு பண்றோம்.

ஜியோபோன் நினைவிருக்கா? 2017-ல 1,500 ரூபாய் முன்பணம் வாங்கிட்டுக் கொடுத்தாங்க. பட்டன் போன்தான், ஆனா உள்ள ஆப் எல்லாம் ஓடுற கைஓஎஸ்ங்கிற மென்பொருள். 512 எம்பி ரேம், 4 ஜிபி இடம், 2.4 அங்குலத் திரை. 2018 செப்டம்பர்ல அதுக்கு வாட்ஸ்அப் வந்துச்சு. எங்க தெருவுல பாட்டிமார் எல்லாம் திடீர்னு குரல் அனுப்ப ஆரம்பிச்சது அப்பதான். பட்டனும் வேணும், முகமும் வேணும்னா அந்த மாதிரி நடுவழி ஒண்ணு இருந்துச்சு.

வடுவூரான் அண்ணா, உங்க அம்மாவுக்கு என்ன வேணும்னு கேட்டீங்களா? அவங்க என்ன பண்ணலைன்னு மட்டும்தான் எழுதியிருக்கீங்க.

#7 ரேம்_ராஜா | திங்கள், மதியம் 1.26

அக்கா சரியாச் சொன்னாங்க 🙏

#8 மாட்டுத்தாவணி செல்கடை | திங்கள், இரவு 11.10

பேத்தி சொல்றது நியாயம், மறுக்கல. ஆனா ஆறாயிரம் ரூவா ஆண்ட்ராய்டு வாங்கிக் கொடுக்கிறவுக ஆறு மாசம் கழிச்சு எங்கிட்டதான் வாராக. "அண்ணே, போன் ஹேங்கு ஆகுது." தொறந்து பாத்தா ஆயிரக்கணக்குல காலை வணக்கம் படம். ரோசாப்பூ, முருகன், சூரியன். 16 ஜிபி இடத்துல சிஸ்டம் பாதியத் தின்னுரும், மீதிய ரோசாப்பூ தின்னுரும். மலிவு போனுக்குன்னே பண்ணின ஆண்ட்ராய்டு 13 கோ பதிப்புக்கே குறைஞ்சது 2 ஜிபி ரேம் வேணும்னு கூகுளே சொல்லியிருக்கான். அதுக்குக் கீழ உள்ள பழைய இருப்பத் தள்ளி விடுற கடை இருக்கு, உசாரு.

இன்னொண்ணு. டிஜிட்டல் அரெஸ்டுனு வீடியோவுல போலீஸ் வேசம் போட்டு மெரட்டுறானுக. சாதா பட்டன் போன்ல வீடியோ கால் வராது, பாதி மெரட்டல் அப்பவே அடிபட்டுப் போகும். பணம் போயிருச்சுன்னா உடனே 1930, சைபர் மோசடிக்கான உதவி நம்பர். எல்லாரும் அந்த நம்பரச் சேமிச்சு வைங்க.

#9 சுங்குவார் | செவ்வாய், காலை 8.15

தலைப்புல 1100-னு பார்த்து உள்ள வந்தேன். நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம். 2006 ஜனவரியில நோக்கியா ஆலையில உற்பத்தி ஆரம்பிச்சப்போ எங்க வீட்டு மாடியில ஆறு பொண்ணுங்க வாடகைக்கு இருந்தாங்க. எல்லாம் திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துப் புள்ளைங்க. ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ல வந்து இறங்குவாங்க. படியில லைட் கிடையாது. ஆறு பேரும் போன் டார்ச் அடிச்சுக்கிட்டு வரிசையா ஏறுவாங்க. அம்மா அதைப் பார்த்து "மின்மினி வருது"ன்னு சொல்லும். 2014 நவம்பர்ல ஆலை நின்னுச்சு. அப்புறம் அதே இடத்தை சால்காம்ப்னு ஒரு பின்லாந்து கம்பெனி எடுத்துச்சு, அவங்க தொழில் சார்ஜர்.

இழைக்கு வர்றேன். நான் போன் வாங்கினா வெயில்ல வச்சுப் பாப்பேன். யாருமே அதைச் சொல்லலை. கடைக்குள்ள டியூப்லைட் வெளிச்சத்துல எல்லாத் திரையும் மின்னும். 1100 மாதிரி கறுப்பு வெள்ளைத் திரை வெயில் பட்டா இன்னும் தெளிவாத் தெரியும், விழுற வெளிச்சத்தையே அது திருப்பி அனுப்புது. மலிவு கலர் திரை வெளிய வந்தா சாம்பல் பூசின மாதிரி ஆயிடும். யார் கூப்பிடுறாங்கன்னு தெரியாம எடுக்கிறதும் கட் பண்றதும் அதனாலதான். கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு வாசப்படி வரைக்கும் கொண்டு வந்து பாருங்க.

ஒலிபெருக்கி எங்க இருக்குன்னும் பாருங்க. முதுகுல இருந்தா மெத்தையில வச்சதும் வாயைப் பொத்தின மாதிரி ஆயிடும். அம்மாவுக்கு மணி கேக்காது.

#10 வடுவூரான் | சனி, இரவு 8.50

பேத்தி கேட்ட கேள்வி ரெண்டு நாள் உறுத்துச்சு. வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய் அம்மாவையே கேட்டேன். சொன்னாங்க:

"மணி அடிச்சா கேக்கணும். யார்னு தெரியணும். உன்னைக் கூப்பிட ஒரே அமுக்கு. இருட்டுல வெளிச்சம். காரைக்கால் ரேடியோ. வேற ஒண்ணும் வேணாம்."

வீடியோவுல என் மூஞ்சி வேணாமான்னு கேட்டேன். "வாரத்துக்கு ஒரு தரம் நேர்ல காட்டு"ன்னுட்டாங்க. அதுக்கு இந்த இழையில பதில் கிடையாது.

இன்னிக்கு மன்னார்குடியில மூணு கடை ஏறினேன், அம்மாவையும் கூட்டிக்கிட்டு. ஒவ்வொரு போனையும் முந்தானைக்குள்ள வச்சு, பாக்காம என் நம்பரை அடிக்கச் சொன்னேன். கடைப்பையன் எங்களை ஒரு மாதிரி பார்த்தான். மூணாவது கடையில அவனே சேர்ந்துக்கிட்டான், "பாட்டி, இதைப் பாருங்க"ன்னு ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டான்.

தட்டையான பலகைப் பட்டன் ரெண்டுலயும் அம்மா மூணாவது எண்லயே தடுக்கி விழுந்தாங்க. பட்டன் வில் மாதிரி வளைஞ்சு வரிசைக்கு வரிசை பள்ளம் இருந்த ஒண்ணுல பத்து எண்ணும் சரியா விழுந்துச்சு. அந்த போன்ல திரை சின்னது, 1.8 அங்குலம். பெரிய திரை இருக்க போன்ல பட்டன்தான் நசுங்கிப் போயிருக்கு. உயரம் அதே, திரைக்குக் கொடுத்த இடத்தைப் பட்டன்கிட்டேர்ந்துதானே எடுக்கணும்? இது வரைக்கும் எனக்கு இது உறைக்கவே இல்லை. பெரிய திரைன்னா வயசானவங்களுக்கு நல்லதுன்னு நினைச்சுத்தான் போன தடவை ஏமாந்தேன்.

"பெரிய எழுத்து"ன்னு அமைப்புல இருக்கிறதையும் நம்பாதீங்க. ஒரு போன்ல அடிக்கிற எண் மட்டும் பெருசாச்சு, கூப்பிடுறவங்க பேர் அதே பொடி எழுத்து. கடையில என் போன்லேர்ந்து கூப்பிட்டுப் பார்த்துத்தான் தெரிஞ்சுது.

தமிழ் பரவாயில்லை. 22 மொழியும் படிக்கிற மாதிரி இருக்கணும்னு இந்தியத் தரநிர்ணயம் வந்த பிறகு பெட்டி பெட்டியா விழுறது நின்னிருக்கு. பேரைத் தமிழ்ல சேமிச்சேன், கொம்பு இடம் மாறலை. ஆனா "அழைப்பு பதிவுகள்"ன்னு ஒரு தலைப்பு. பேசினதைப் பதிவு பண்ணி வச்சதா, கூப்பிட்ட பட்டியலா? உள்ள போய்ப் பார்த்தாத்தான் தெரியுது.

எஃப்எம் பத்தி ஒண்ணு. வயர்லெஸ் எஃப்எம்-னு அட்டையில போட்டிருந்தா இயர்போன் மாட்டாமலே பாடணும். அதுக்கு ஏரியல் உள்ளேயே இருக்கணும், இல்லாட்டி இயர்போன் வயர்தான் ஏரியல். கடைக்குள்ள கரகரன்னுச்சு, வாசலுக்கு வந்தா காரைக்கால் கணீர்னு கேட்டுச்சு. வீட்டுத் திண்ணையில எப்படின்னு இனிமேதான் தெரியும்.

வாங்கியாச்சு. 1,900 சொச்சம். டைப்-சி இல்லை, காந்த வயர்தான். பேட்டரி கழட்டலாம், 1,450 எம்ஏஎச். டார்ச் உச்சியில இல்லை, முதுகுலதான். அதுல தோத்தேன். ஆனா பூட்டு போட்டிருக்கும்போதே பக்கவாட்டுப் பட்டனை அமுக்கிப் பிடிச்சா எரியுது.

#11 விரல்வழி | சனி, இரவு 9.20

முந்தானைச் சோதனையை இனி என் மாணவர்களின் பெற்றோருக்கும் சொல்வேன்.

இரண்டு வேலை மீதி இருக்கிறது. ஒன்று, 2-ஐ அமுக்கிப் பிடித்தால் நீங்கள் என்று வேக அழைப்பு வையுங்கள். இன்னொன்று, 5-இன் மேடு போதவில்லை என்றால் நகப்பூச்சு ஒரு துளி. ஒரு துளி காய்ந்ததும் அதன் மேலேயே இன்னொரு துளி. மூன்று அடுக்கு வரைக்கும் தாங்கும்.

#12 ரேம்_ராஜா | சனி, இரவு 9.34

பணம் அனுப்ப என்ன பண்ணுவாங்க சார்? இப்ப பூக்காரம்மா கூட க்யூஆர்தான்.

#13 வடுவூரான் | சனி, இரவு 10.05

அதுவும் பார்த்தேன் தம்பி. 2022 மார்ச்ல பட்டன் போனுக்குன்னே யுபிஐ 123பே கொண்டு வந்தாங்களே, நம்பருக்குக் கூப்பிட்டுக் குரல் சொல்றபடி அமுக்கி அனுப்பலாம், முதல்ல ஒரு தரம் ஒருத்தருக்கு 5,000 வரைக்கும்னு இருந்து அப்புறம் 10,000 ஆக்கினாங்க. 2023-ல வந்த நோக்கியா 105, 106 4ஜி ரெண்டுலயும் அது போன்லயே இருக்குன்னு சொல்லித்தான் வித்தாங்க. ஆனா ரகசிய எண்ணை டெபிட் கார்டு வச்சுப் போட்டுடலாம்னு பார்த்தேன். அம்மாவோட கார்டு எங்கன்னு கேட்டா "பாஸ்புக்குக்குள்ள இருக்கும்"ங்கிறாங்க. பாஸ்புக் எங்கன்னு கேட்டா "அது இருக்கும்"ங்கிறாங்க. பூக்காரம்மா அம்மாவோட ஸ்கூல்ல படிச்சவங்க, சில்லறை வாங்கிக்குவாங்க.

விரல்வழி சார், 2-ல என்னை வச்சாச்சு. 9-லயும் 5-லயும் ஏதும் அமுங்காம இருக்க, சுருக்குப்பையில போடுறதுக்குன்னு பழைய கண்ணாடிக் கூடு ஒண்ணு கொடுத்திருக்கேன். வெத்தலை தனியா, போன் தனியா. எத்தனை நாளைக்கோ.

#14 பெரியகுளத்துப்பேத்தி | ஞாயிறு, காலை 7.02

கேட்டதுக்கு நன்றி அண்ணா. நான் தோத்துட்டேன், ஆனா சந்தோஷமாத் தோத்தேன். அந்த 1100-ஐ என்ன பண்ணப் போறீங்க?

#15 வடுவூரான் | ஞாயிறு, காலை 7.30

அம்மா விடலை. "ரெண்டும் இருக்கட்டும், அது டார்ச்"ங்கிறாங்க. பேச முடியாட்டி என்ன, கொல்லைக்கு அதுதான் போகுமாம். சார்ஜர்தான் பழுது. யார்கிட்டயாவது பெரிய பின் சார்ஜர் இருக்கா?

#16 மாட்டுத்தாவணி செல்கடை | ஞாயிறு, காலை 10.44

ஒரு கோணிப்பை நெறையக் கெடக்கு. தனிமடல்ல விலாசம் அனுப்புங்க. கூரியர் காசு மட்டும் உங்களுது.